ஒண்டுக் குடித்தனம்

ராயபுரத்தில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. தெருவைப் பார்த்து ஒரு திண்ணை, உள்ளே ஒரு நடை, நடையைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறையாக ஐந்தாறு குடும்பங்கள். கிணறு ஒன்று, குழாய் ஒன்று, மாடிப்படி ஒன்று. இதற்குத்தான் ஒண்டுக் குடித்தனம் என்று பெயர். அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே சண்டை இடத்துக்காக வருவது கொஞ்சம், முறைக்காக வருவதுதான் அதிகம். முற்றத்தில் இன்றைக்கு யார் வற்றல் காயப் போடுவது, குழாயடியில் யார் குடம் முதலில், வீட்டுக்காரர் தமக்கென்று பூட்டி வைத்திருக்கிறாரே அந்த ஓர் அறை, அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது? வாடகை கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பூட்டின் மேல் ஒரு பார்வை போய் வரும்.

மடிக் கணினிக்குள்ளேயும் இதே மாதிரி ஒரு வீடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரால். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கோடு போட்டே காலம் கழித்தவர். நூறு என்று சீட்டில் இருந்தால் நூறும் கண்ணில் பட வேண்டும். அவர் பையன் பிளஸ் டூவில் அரசாங்க மடிக் கணினி வாங்கி வந்தான். வாங்கிய அன்றே தகப்பனார் அதை உட்கார்ந்து பரிசோதித்துவிட்டார். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் நினைவகம் 2 ஜிகாபைட் என்று இருந்தது. திரையில் அதே 2-க்குப் பக்கத்திலே ஓர் அடைப்புக்குறி போட்டு, உபயோகத்துக்கு 1.74 என்று இருந்தது.

"ரெண்டு எறங்கியிருக்கு. கணக்குல ஒண்ணே முக்கால்தான் நிக்குது. மீதி எங்க சார் போச்சு?" என்றார் என்னிடம்.

"அது கிராஃபிக்ஸுக்குப் போயிருக்கும்ப்பா" என்று பையன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். பதில் சரியான பதில்தான். ஆனால் டாலி கிளார்க் அந்த மாதிரிப் பதிலை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. கிராஃபிக்ஸ் என்பவர் யார், எந்த அதிகாரத்தில் எடுத்துக்கொண்டார், திருப்பித் தருவாரா என்று அவர் கேட்ட கேள்விகளுக்காகத்தான் நான் இந்தச் சரித்திரத்தைத் தேடப் போனேன். தேடியதில் கிடைத்தது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கதை. நடுவில் நம்முடைய தமிழ் எழுத்தும் அதில் வந்து மாட்டிக்கொள்கிறது.

முதலில் ஒரு விளக்கம். நினைவகம், கடைக்காரர் பாஷையில் ராம், கணினி வேலை செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போய்விடும். பத்திரமாக எழுதி வைப்பதற்கு ஹார்டு டிஸ்க் தனியாக உண்டு. கடிதம் எழுதுகிற புரோகிராம், பாட்டுப் பாடுகிற புரோகிராம், கணக்குப் போடுகிற புரோகிராம் எல்லாம் இந்த நினைவகத்தில்தான் குடியிருக்கின்றன. திரையில் நாம் பார்க்கும் சித்திரமும் ஏதோ ஓர் இடத்தில் புள்ளி புள்ளியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் அங்கேயே குடியிருந்தால் ஒண்டுக் குடித்தனம். அதற்கென்று தனி நினைவகம் வாங்கிக் கொடுத்துவிட்டால் தனிக் குடித்தனம். கணினிச் சரித்திரத்தின் பெரும் பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்ததுதான்.

ஆதியில் இரண்டும் வேறு வேறாகவே இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் செய்த யந்திரம் ஒன்று 1948 ஜூன் 21-ஆம் தேதி தன் முதல் புரோகிராமை ஓட்டியது. அதற்கு நினைவகமாக அவர்கள் வைத்தது ஒரு படக் குழாய், டெலிவிஷன் பெட்டியில் இருந்ததே அதே ஜாதி. குழாயின் கண்ணாடி முகத்தில் 32 வரி, வரிக்கு 32 புள்ளி, மொத்தம் 1,024 மின் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தாம் நினைவு. அதற்கு இணையாக இன்னொரு குழாயை மாட்டி வைத்தால் யந்திரம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை மனிதர் கண்ணால் பார்க்கலாம். நினைப்பும் சித்திரமும் ஒரே உருவமாக இருந்த காலம் அது. யந்திரங்களுக்கு மறுபடியும் அந்த நிலை வாய்க்கவில்லை.

நம் நாட்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் கட்டப்பட்டு 1960-ல் முறைப்படி வேலை தொடங்கிய டிஃப்ராக் என்ற கணினியிலும் சித்திரம் காட்டும் குழாய் ஒன்று இருந்தது. அதன் நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. 2,048 சொற்கள் கொள்ளும். அந்தக் கணினியை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் ஊர்க்காரர் என்பதற்காக ஒரு வரி அதிகமாக எழுதிவிட்டேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஒண்டுக் குடித்தனம் 1973-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆல்டோ என்று ஒரு கணினி செய்தார்கள். குறுக்கே 606, நெடுக்கே 808 புள்ளிகள் கொண்ட திரை. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் அத்தனை புள்ளிகளையும் எழுதி வைக்க 60 கிலோபைட் வேண்டும். யந்திரத்தின் மொத்த நினைவகமோ 128 கிலோபைட். வீட்டில் பாதியைச் சித்திரமே எடுத்துக்கொண்டுவிட்டது! புரோகிராம் எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திரையில் ஒன்றும் எழுதாத வெற்று இடத்துக்கு நினைவகம் ஒதுக்க வேண்டியதில்லை என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். இடம் நெருக்கினால் திரையைச் சுருக்கிக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் படுக்கையைச் சுருட்டி மூலையில் வைக்கிற அதே சாமர்த்தியம்.

இந்தியப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த நெருக்கடியை நேரில் அனுபவித்தது 1984-85-ல். அந்த வருஷம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி முதலில் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தது. கொடுத்தது பி.பி.சி. மைக்ரோ என்ற ஆங்கிலேயக் கணினி. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்டது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போல நூறு பங்குக்கு நிற்கும்.

இந்த 32-ல் சித்திரத்துக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணினியின் விசேஷம். 'மோட்' என்று அடித்து ஓர் எண்ணைப் போட வேண்டும். மோட் 2 என்றால் எல்லா வர்ணமும் வரும். ஆனால் 20 கிலோபைட் போய்விடும். யந்திரம் தன் சொந்தக் காரியத்துக்கு எடுப்பது போக, பிள்ளை எழுதும் புரோகிராமுக்கு மிஞ்சுவது எட்டரை கிலோபைட். மோட் 7 என்றால் திரைக்கு ஒரே ஒரு கிலோபைட்தான். புரோகிராமுக்கு இருபத்தேழரை கிலோபைட் கிடைக்கும். ஆனால் திரையில் ஆங்கில எழுத்தும் கட்டம் கட்டமான பொம்மைகளும் மட்டுமே தெரியும். பேராசைப்பட்டுப் பெரிய புரோகிராம் எழுதிவிட்டால் யந்திரம் இரண்டே வார்த்தையில் பதில் சொல்லும்: 'நோ ரூம்'. வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வாசகம்.

மோட் 7 எப்படி ஒரு கிலோபைட்டில் காலம் தள்ளியது என்பதைக் கவனிக்க வேண்டும். அது எழுத்தின் படத்தை நினைவகத்தில் வைக்கவில்லை. 'இந்த இடத்தில் ஏ' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்தது. ஏ என்றால் எப்படி இருக்கும் என்பது வேறொரு சில்லுக்குள்ளே தொழிற்சாலையிலேயே பதித்து வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலக்காரனுக்கு இது போதும். தமிழுக்கு? அந்தச் சில்லுக்குத் தமிழ் தெரியாது. கற்றுக் கொடுக்கவும் முடியாது. அகரம் எழுத வேண்டுமானால் மோட் 7-ஐ விட்டு வெளியே வந்து, எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்து எழுத்தை நாமே வரைந்து கொடுக்க வேண்டும். கோலம் போடுகிற பெண்களுக்கு அது சுலபமாக வந்திருக்கும். அப்படி எழுத்து வரைய இடம் தருகிற மோட்களில் மிகச் சிக்கனமானது மோட் 6. அதற்கு வேண்டியது 8 கிலோபைட். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு எட்டு!

சித்திரம் என்பது விளையாட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம், காரியக்காரர்களுக்கு எழுத்தும் எண்ணும் போதும் என்று சொல்லுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் அந்த வாதம் ஆங்கிலத்தில் மட்டுமே செல்லும். யந்திரத்தின் கணக்கில் நம்முடைய எழுத்தே சித்திரம்தான். சித்திரத்துக்கு இடம் இல்லை என்றால் தமிழுக்கு இடம் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-களில் உருவாகிப் பிறகு சி-டாக் நிறுவனம் வெளியிட்ட இந்திய மொழி அட்டைக்கு 'ஜிஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரின் முதல் எழுத்தே கிராஃபிக்ஸைக் குறிப்பதுதான். கணினிக்குள் அட்டை ஒன்றைச் சொருகினால்தான் தமிழும் இந்தியும் திரையில் வரும் என்று இருந்தது. அந்த அட்டை வாங்கியது பெரும்பாலும் அலுவலகங்கள்தாம்.

இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.பி.சி. மைக்ரோவில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறை எடுப்பது உண்டு. ஒருவர் பகல் ஷிப்டு, ஒருவர் இரவு ஷிப்டு. பாய் ஒன்றுதான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அதே போல, அந்தக் கணினியின் மூளை விநாடிக்கு இருபது லட்சம் தடவை நினைவகத்தைத் தொடும். சித்திரப் பகுதியும் இருபது லட்சம் தடவை தொடும். நினைவகமோ விநாடிக்கு நாற்பது லட்சம் தடவை கதவு திறக்கக் கூடியது. மூளை ஒரு தடவை, சித்திரம் ஒரு தடவை என்று மாறி மாறி. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே, 1977-ல், ஆப்பிள் இரண்டாம் கணினியில் ஸ்டீவ் வாஸ்னியாக் இதே வித்தையைச் செய்திருந்தார். 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் மலிவுப் பதிப்பு. அதில் திரையை வரையும் நேரத்தில் மூளை அதே பகுதி நினைவகத்தைக் கேட்டால், 'சற்று நில்' என்று சித்திரச் சில்லு நிறுத்தி வைத்துவிடும்.

நிறுத்தி வைக்கப்பட்டது சித்திரம் அல்ல, மூளை என்பதைக் கவனியுங்கள். இது பாரபட்சம் அல்ல. மூளை ஒரு கணம் தாமதித்தால் பதில் ஒரு கணம் தாமதமாக வரும், அவ்வளவுதான். திரைக்கு வேண்டிய புள்ளி அந்தக் கணத்தில் வராவிட்டால் திரை கிழிந்தது போல் தெரியும், நடுங்கும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து ராயபுரம் வழியாக எண்ணூர்ப் பக்கம் போகும் ரயில் பாதையில் சரக்கு வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு மின்சார வண்டியை விடுகிறார்கள். நிலக்கரி அரை மணி தாமதித்தால் கோபித்துக்கொள்ளாது. பிரயாணி கோபித்துக்கொள்வார்.

பிறகு வசதி வந்தது. வசதி வந்ததும் தனிக் குடித்தனம் வந்தது. ஐ.பி.எம். கணினிகளில் சித்திரத்துக்கென்று தனி அட்டை, அட்டையில் தனி நினைவகம். 1981-ல் 16 கிலோபைட், 1987-ல் 256 கிலோபைட், அப்புறம் மெகாபைட் கணக்கில். இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனிக் குடித்தனத்தில் கதை குறைவு. காசு இருந்தவர்கள் பெரிய அட்டை வாங்கினார்கள், இல்லாதவர்கள் சின்ன அட்டை வாங்கினார்கள்.

மடிக் கணினிதான் எல்லோரையும் மறுபடி ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதில் அட்டைக்கு இடம் கிடையாது, பாட்டரி தாங்காது, விலையும் ஏறும். 1999-ல் இன்டெல் கம்பெனி 810 என்ற சில்லு வரிசையை வெளியிட்டது. அது மலிவான மேசைக் கணினிக்கு வந்ததுதான். ஆனால் சித்திர வேலையைத் தாய்ப் பலகையோடு சேர்த்துவிட்டு, நினைவகத்தைப் பொது வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் அந்த வழி சாதாரண மடிக் கணினிகளின் வழியாகவே ஆகிவிட்டது.

பொது வீட்டிலிருந்து எடுப்பதில் ஒரு சங்கடம். நினைவகம் 4,096 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காலியாக இருப்பவை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சிதறிக் கிடக்கும். சித்திரச் சில்லோ வரிசையான இடம் கேட்கும் பிராணி. இதற்கு ஒரு ஜாபிதா செய்தார்கள். 1997 வாக்கில் ஏ.ஜி.பி. என்ற சொருகு முறையோடு பிரபலமான ஏற்பாடு அது. சென்னையில் வீட்டுக்கு வீடு பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் எழுதியிருக்கிறதே, தபால்காரர் அந்த இரண்டையும் மனசுக்குள் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு நடக்கிறாரே, அதே தந்திரம். சித்திரச் சில்லு புதிய எண்ணில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கேட்கும். ஜாபிதா அதைப் பழைய எண்ணுக்கு மாற்றி, எங்கெங்கோ கிடக்கும் அறைகளைக் காட்டும்.

இவை தவிர, வீட்டுக்காரர் பூட்டி வைத்த அறையும் உண்டு. கணினியை முடுக்கியதும், விண்டோஸோ லினக்ஸோ கண் விழிப்பதற்கு முன்பே, ஒரு பங்கு சித்திரத்துக்கென்று ஒதுக்கி மறைக்கப்படுகிறது. பிறகு விழித்துக்கொள்ளும் விண்டோஸ், வீட்டின் மொத்த அளவைச் சொல்லிவிட்டு, தன்னால் வாடகைக்கு விடக் கூடியதை அடைப்புக்குறிக்குள் சொல்லுகிறது. டாலி கிளார்க்கின் கால் ஜிகாபைட் அந்தப் பூட்டிய அறைதான். யாரும் எடுத்துப் போகவில்லை, கப்பலிலேயே இருக்கிறது. அது போதாதபோது ஜாபிதாவின் வழியாகப் பொது அறைகளையும் சித்திரம் கேட்டு வாங்கிக்கொள்ளும், காரியம் முடிந்தால் திருப்பிக் கொடுக்கும்.

தமிழ்நாடு அரசின் மடிக் கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைத்தார். திருவொற்றியூரும் எண்ணூரும் அப்போது அந்த மாவட்டத்துக் கணக்கில்தான் இருந்தன. 2018-ல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறி ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. வீட்டுக்குள் முதல் முதலாகக் கணினி நுழைந்தது இதனால்தான் என்று சொல்லக் கூடிய குடும்பங்கள் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு உண்டு. 2 ஜிகாபைட் நினைவகம், விண்டோஸ் ஒன்று, அதோடு சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் ஒன்று. தனிச் சித்திர அட்டை கிடையாது. பல லட்சம் ஒண்டுக் குடித்தனங்கள்!

இந்த இரண்டு ஜிகாபைட்டில் எப்படிக் காலம் தள்ள முடிந்தது என்று கேட்டால், அதற்குச் சற்று முன்புதான் குடித்தன விதிகள் திருத்தப்பட்டிருந்தன. விண்டோஸ் விஸ்டா, திரையில் திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு பிரதி வைத்திருந்தது. புரோகிராமுக்கு ஒன்று, சித்திரச் சில்லுக்கு ஒன்று. தனிக் குடித்தனக் காலத்துப் பழக்கம் அது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது ஒரே பாத்திரம் இரண்டு எதற்கு? 2009-ல் வந்த விண்டோஸ் 7 அதில் ஒன்றைக் குறைத்தது. லினக்ஸ் பக்கத்தில் 2008-ல் இன்டெல் கம்பெனியின் கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் 'ஜெம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதுவரை சித்திரத்துக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே அளந்து வைத்துவிடுவார்கள். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் அது அதற்குத்தான். ஜெம் வந்த பிறகு சித்திரமும் மற்றவர்களைப் போலவே பொது அறைகளில் வாடகைக்கு இருக்கலாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஜன்னலின் படத்தை, நெருக்கடி நேரத்தில், ஹார்டு டிஸ்குக்கு அனுப்பிவிடவும் முடிந்தது.

அடுத்து ஒரு இந்தியர் வருகிறார். சுமித் செம்வால் என்ற பொறியாளர் எழுதிய 'டி.எம்.ஏ. பஃப்' என்ற பகுதி 2012-ல் லினக்ஸின் 3.3 பதிப்பில் சேர்ந்தது. கேமரா ஒரு படம் பிடிக்கிறது, சித்திரச் சில்லு அதைத் திருத்துகிறது, திரை அதைக் காட்டுகிறது. மூவரும் தனித்தனியே பிரதி எடுத்துக்கொள்ளாமல், படம் இருக்கும் அறையின் சாவியை மட்டும் கை மாற்றிக்கொள்வதற்கு ஒரு பொது முறை வகுத்தார். உலகத்தில் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இன்றைக்கு அந்தச் சாவி கை மாறிக்கொண்டிருக்கிறது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் குழாயடிச் சண்டை தீரவில்லை. 14 அங்குல மடிக் கணினித் திரையில் அந்நாளில் வழக்கமாக 1366-க்கு 768 புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட். ஒரு முழுத் திரைக்கு ஏறக்குறைய 42 லட்சம் பைட். விநாடிக்கு 60 தடவை அதைப் படித்தாக வேண்டும், திரையில் எறும்பு கூட அசையாவிட்டாலும். அதாவது விநாடிக்கு 25 கோடி பைட் தண்ணீர், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு. டி.டி.ஆர்.3 நினைவகத்தில் 1333 வகைப் பட்டை ஒன்று விநாடிக்கு ஆயிரம் கோடி பைட்டுக்கு மேல் தரக் கூடியது. ஆகையால் பார்ப்பதற்கு மட்டும் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் சினிமாப் படம் ஓட விட்டால், ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், ஒரே புள்ளியை எழுதி, படித்து, மறுபடி எழுதிக் குழாயடியில் சித்திரத்தின் குடம் நீண்டுகொண்டே போகும். அதே குழாயில் மூளையும் குடத்தோடு நிற்கிறது. ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டை போட்டால் இடம் மட்டுமா கூடும்? குழாயும் இரண்டாகும். ஒண்டுக் குடித்தனக் கணினிக்கு இரண்டாவது பட்டை தரும் வேகம் மற்றக் கணினிகளைவிட அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இடமே தீர்ந்துவிட்டால் நடப்பது இன்னும் கடுமை. ஹார்டு டிஸ்குக்கு அனுப்பக் கூடியவற்றை அனுப்பிப் பார்க்கும். நினைவகத்தோடு ஒப்பிட்டால் அதில் தாமதம் ஏறக்குறைய லட்சம் மடங்கு. பையன் விசைப்பலகையைத் தட்டுவான், எழுத்து எப்போதோ வரும். அதுவும் நிரம்பினால் லினக்ஸில் ஓர் அமீனா புறப்படுகிறான். யார் அதிக இடம் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கைப் பார்த்து அந்தப் புரோகிராமைக் கொன்றுவிடுவது அவன் உத்தியோகம். சேமிக்காத கட்டுரை அதோடு போகும். இதில் அநியாயம் என்னவென்றால், புரோகிராமுக்காகச் சித்திரச் சில்லு எடுத்துக்கொண்ட அறைகள் நெடுங்காலம் அந்தப் புரோகிராமின் பெயரில் சரியாக எழுதப்படவே இல்லை. வீட்டை நிரப்பியவன் ஒருவன், பேரேட்டில் பெரிய குடித்தனக்காரனாகத் தெரிகிறவன் வேறொருவன். அமீனா பேரேட்டைத்தான் பார்ப்பான். சித்திர அறைகளையும் ஆள்வாரியாகக் காட்டும் கணக்கு சமீப வருஷங்களில்தான் லினக்ஸுக்குள் ஒழுங்காக வரத் தொடங்கியிருக்கிறது. எங்கள் டாலி கிளார்க்கை முன்பே கலந்து ஆலோசித்திருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் நல்லபடியாக முடிந்தது. இந்த நாளில் ஆங்கில எழுத்தும் திரையில் சித்திரமாகத்தான் வரைந்து காட்டப்படுகிறது. சில்லுக்குள் பதித்த ஏ-க்கு இனி வேலை இல்லை. அகரத்துக்கும் ஏ-க்கும் வாடகை ஏறக்குறைய ஒன்றே. ஒன்றுக்கு எட்டு என்ற பழைய விகிதம் போன இடம் தெரியவில்லை.

2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி எம்1 என்ற சில்லை வெளியிட்டபோது, மூளைக்கும் சித்திரத்துக்கும் ஒரே நினைவகம் என்பதையே பெரிய சிறப்பாகச் சொல்லி விற்றது. ஏழை வீட்டு ஏற்பாடு பங்களாவுக்குப் போய்விட்டது! காரணம் இல்லாமல் இல்லை. தனித்தனி வீடுகளுக்கு நடுவே சாமான் சுமக்கும் நேரமும் மின்சாரமும் மிச்சம். இப்போது சித்திரச் சில்லு சித்திரம் மட்டுமா வரைகிறது? செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்களே, அதற்கு வேண்டிய கோடானுகோடிப் பெருக்கல்களையும் அதுவே போடுகிறது. 2025 ஜனவரியில் ஏ.எம்.டி. கம்பெனி அறிவித்த மடிக் கணினிச் சில்லு ஒன்றில் 128 ஜிகாபைட் பொது நினைவகம் வைத்துக்கொள்ளலாம். அதில் 96 வரை சித்திரப் பகுதிக்கு ஒதுக்கலாம் என்றார்கள். பி.பி.சி. மைக்ரோவின் மோட் 2-ல் சித்திரம் எடுத்துக்கொண்டது 32-க்கு 20. எட்டில் ஐந்து பங்கு. இங்கே நான்கில் மூன்று.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய மடிக் கணினிகளில் அடிப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சொருகிக்கொள்ள முடிந்தது. இந்தப் புதிய சில்லுகளில் நினைவகம் சில்லோடு ஒட்டியே வருகிறது, அல்லது அதன் பக்கத்தில் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்படுகிறது. வாங்குகிற அன்றைக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் கடைசி வரைக்கும்.